பேர் மாறிய கிளாரினெட்

தனசேகரன் திருடியதைக்கூட ஷாரோன் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பாள். திருடிவிட்டு, "இதுக்காக ஆறு மாசம் சோறு தண்ணி இல்லாம உழைச்சேன்" என்று கேமராவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீடியோ இரண்டு நிமிடம்தான். ஏதோ கல்யாண மண்டபத்து மேடை. தனசேகரன் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கீபோர்டுக்குப் பின்னால் நிற்கிறான். வலது கை விரல்கள் ஓட ஓட ஒரு கிளாரினெட் எழுந்து மண்டபத்தையே நிறைக்கிறது. கீழே எழுத்து ஓடுகிறது: 'தனா கிளாரினெட். உருவாக்கம்: தனசேகரன்.'

பக்கத்தில் அப்பா தேவசகாயம் உட்கார்ந்து, பன்னை டீயில் நனைத்து ஈறால் மென்றுகொண்டிருந்தார். போன வருஷம் வரைக்கும் காஞ்சிபுரத்தில் கல்யாணமோ சாவோ மாதா தேரோ, பேண்டு செட்டில் முதல் வரிசையில் நின்று கிளாரினெட் ஊதியவர். சர்க்கரை வியாதி ஈறுகளை அரித்து, பல் அத்தனையும் ஆடிப்போய், எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. மேல்பல் இல்லாமல் கிளாரினெட்டின் வாயைக் கவ்வ முடியாது. பல் செட் வைத்துக்கொண்டும் ஊதிப் பார்த்தார், காற்றுதான் வந்தது. அன்றைக்கு அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டவர் திரும்ப எடுக்கவில்லை.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"யாருமா இது ஊதறது? நான் ஊதுற மாதிரியே இருக்குது."

"நீதாம்பா ஊதறே."

"நான் இங்க குந்திக்கினு இல்ல பன்னு துன்னுக்கினு இருக்கேன்?" என்றார் அவர். பிறகுதான் அவருக்கு விளங்கியது. மகள் முகத்தைப் பார்த்தார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தாளு தன் பேரையா போட்டுக்கினான்?" என்று மட்டும் சொன்னார்.

போன வருஷம் பல் பிடுங்கத் திங்கட்கிழமை என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் ஷாரோன் இரவல் மைக் ஒன்றைப் போனில் செருகி, அப்பாவை உள்ளறையில் நிற்க வைத்தாள். பக்கத்து வீட்டில் குமாரவேலின் பட்டுத்தறி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். "அண்ணா, ரெண்டே ரெண்டு மணி நேரம் தறியை நிறுத்துண்ணா, அப்பா ஊதறதைப் பதிவு பண்ணணும்" என்று அவள் கெஞ்ச, அவரும் முனகிக்கொண்டே சரி என்றார்.

ஒவ்வொரு சுரமாகப் பிடித்தார்கள். ஒன்றை மெதுவாக எட்டு விநாடி, அதையே பலமாக எட்டு விநாடி. ஆடுகிற பல்லைக் கடித்துக்கொண்டு தேவசகாயம் ஊதினார். நடுநடுவே ரத்தம் துப்பினார். "பாட்டு ஊதச் சொன்னா ஊதலாம். இன்னாத்துக்கு ஒத்த ஒத்தையா ஊதச் சொல்றே? நான் இன்னா சைக்கிள் ஆரனா?" என்று திட்டினார். திட்டிவிட்டு மறுபடி ஊதினார்.

அதற்கப்புறம்தான் வேலையே. தனசேகரனுக்குத் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் விற்கிற வியாபாரம், அதோடு சொந்தமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா. அதில் ஷாரோன் இரண்டாவது கீபோர்டு. கீபோர்டுப் பெட்டி ஆர்கெஸ்ட்ராவுடையது, அவன் வீட்டு மாடி ஷெட்டில் இருக்கும். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் மதியமெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தாள். பதிவுகளை நறுக்கி, பென் டிரைவில் ஏற்றி, கீபோர்டுக்குள் இறக்கினாள். ஒரு பதிவை மூன்று கட்டைகளுக்குப் பகிர்ந்து வைத்தாள். மெல்ல அழுத்தினால் அப்பாவின் மெல்லிய ஊதல், ஓங்கி அழுத்தினால் தேருக்கு முன்னால் ஊதுகிற அந்தக் கர்ஜனை. விரலை எடுத்ததும் சத்தம் கத்தரித்த மாதிரி நிற்கக் கூடாது, மனுஷன் மூச்சை விடுவது போல அடங்க வேண்டும். அதற்கு மட்டும் பதினோரு நாள் ஆனது. ஒருநாள் எல்லாம் கூடி வந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. மாற்றியதை மாற்றிய கையோடு சேமிக்காவிட்டால் பெட்டி அத்தனையையும் மறந்துவிடும். மூன்று வாரத்து வேலை ஒரு நொடியில் மண்ணாகிப்போனது. தலையில் அடித்துக்கொண்டு அழுது, மறுநாள் முதலிலிருந்து தொடங்கினாள். அதிலிருந்து ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் சேமிப்புப் பொத்தானை அழுத்துவாள். 'பழையது அழியும், சம்மதமா?' என்று பெட்டி கேட்கும். சம்மதம் என்பாள்.

கடைசியில் அந்த டோனுக்கு ஒரு பெயர் வைத்தாள். 'அப்பா கிளாரினெட்.'

இதில் தனசேகரனுடைய பங்கு என்னவென்றால், அவ்வப்போது ஷெட்டுக்கு வந்து நின்றபடி டீ குடித்தான். ஆறு மாத உழைப்பு என்று அவன் சொல்வது அந்த டீயைத்தான்.

ஷாரோனும் ஒரு புத்தி கெட்ட வேலை செய்தாள். போன் நிறைந்துவிட்டது என்று அசல் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டாள். பெட்டியில் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம். பெட்டி யாருடையது என்று யோசிக்கவில்லை. டோன் முடிந்த இரண்டாவது வாரம், "இனிமே ஒரு கீபோர்டே போதும்மா" என்று தனசேகரன் அவளை நிறுத்திவிட்டான். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நம்புகிறவர்களுக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் உறைக்கிறது.

அவனுக்குப் போன் போட்டாள்.

"ஷாரோனு, எலக்ட்ரானிக் சவுண்டுமா அது," என்றான் நிதானமாக. "அதுல அப்பன் ஆத்தா பேரு பச்சை குத்தியா இருக்குது? என் பொட்டி, என் ஷெட்டு, என் கரண்டு. உன்துன்னு சொன்னா புரூஃப் எத்துக்கினு வா."

அப்பாவால் இனி ஒரு சுரம்கூட ஊத முடியாது. அவர் மூச்சு மிச்சம் இருக்கிற ஒரே இடம் அந்த அயோக்கியனின் பெட்டி. அதிலும் அவன் செய்தது ஒரே வேலை. 'அப்பா' என்பதை அழித்து 'தனா' என்று போட்டிருக்கிறான்.

அந்த வாரம் சனிக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் இசைக்கருவிக் கடைக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார் என்று கீபோர்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. டோன் தொகுப்பு வெளியிடும் கம்பெனி. நல்ல டோன்களைக் கேட்டுத் தேர்ந்தெடுத்து, செய்தவர் பெயரோடு வெளியிடுவார்களாம். 'தனா கிளாரினெட்டும் வருது' என்று கீழே தனசேகரனே போட்டிருந்தான், கும்பிடு பொம்மையோடு.

சனிக்கிழமை விடிந்ததும் ஷாரோன் பக்கத்து வீட்டுக்குப் போனாள். குமாரவேல் தறியில் இருந்தார். ஊருக்குள் இருக்கிற எல்லாத் தறியும் ஓர் இழைக்கு ஒரு தட்டு தட்டும். இவர் தறிக்கு ஒரு கால் விரிசல். பழைய ரப்பர் செருப்பை வெட்டி அந்தச் சந்தில் செருகியிருப்பார். அதனால் ஒவ்வொரு இழைக்கும் 'தட்' என்று ஒன்று, பின்னாலேயே நொண்டிக்கொண்டு 'டொக்' என்று ஒன்று. பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

"அண்ணா, அன்னிக்கி அப்பா ஊதினப்ப நீதானே தறியை நிறுத்தினே? கடைக்கு வந்து அதை மட்டும் சொல்லுண்ணா. ரெண்டு வார்த்தை."

குமாரவேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாவு நூலு, ஜரிகை எல்லாம் தனசேகரன் அண்ணன்கிட்டதாம்மா வாங்கி நெய்யறேன். உனக்குத் தெரியாததா? நான் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் பாக்கல. என்னை இதுல இழுக்காதே."

"அப்பா உன் கல்யாணத்துக்கு ஊதினாருண்ணா."

"ஊதினாரு," என்றார் குமாரவேல். தறி நாடா மறுபடியும் ஓடியது. தட், டொக்.

ஷாரோன் திரும்பி வந்துவிட்டாள். அவரைத் திட்டக்கூட வாய் வரவில்லை. பயந்தவனைத் திட்டி என்ன செய்வது?

கடையில் ஏழெட்டு கீபோர்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். சென்னைக்காரர் பெயர் ஸ்ரீவர்தன், முப்பது வயதிருக்கும். சொந்த ஊர் சின்ன காஞ்சிபுரம்தான். பெருமாள் கோயில் சன்னதித் தெருவில் வீடு, கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். படித்து முடித்ததும் சென்னைக்குப் போய் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆகிவிட்டவர். கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கியது. தனசேகரன் பெட்டியைத் துடைத்து அவர் முன்னால் வைத்து, ஒரு பாட்டையும் வாசித்துக் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

"பிரமாதம்," என்றார் ஸ்ரீவர்தன். "யார் ஊதினது?"

"ஒரு சினிமா ஆளு சார். சென்னைல ஏசி ஸ்டுடியோல வெச்சு எடுத்தேன். குண்டூசி விழுந்தா கேக்கும், அப்டி ஒரு அமைதி."

ஷாரோன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"பொய் சார். அது எங்க அப்பா ஊதினது. பேரு தேவசகாயம். டோன் பண்ணது நான்."

யாரோ சிரித்தார்கள். தனசேகரனும் சிரித்தான். "ட்ரூப்ல இருந்து நிறுத்திட்டேன் சார். அந்த வயித்தெரிச்சல் பேசுது."

"உங்ககிட்ட அசல் பதிவு இருக்கா?" என்று ஸ்ரீவர்தன் அவளைக் கேட்டார்.

"அழிச்சிட்டேன் சார்."

"அப்பா இப்ப ஊதிக் காட்டுவாரா?"

"அவருக்குப் பல்லே இல்ல சார்."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அந்தச் சிரிப்பை ஷாரோன் சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். பல் போன மனுஷனைப் பற்றிய சிரிப்பு அது. எவன் வீட்டுச் சாவுக்கு அவர் வெயிலில் ஊதிக்கொண்டு போகவில்லை? சிரித்தவன் ஒவ்வொருவன் வீட்டுக்கும் போயிருக்கிறார்.

ஸ்ரீவர்தன் மட்டும் சிரிக்கவில்லை. "நான் எதை வெச்சு முடிவு பண்றது சொல்லுங்கோ," என்று கையை விரித்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் வேலையைத் தொடங்கினார். அவர் பாட்டு வாசிக்கவில்லை. இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, ஐந்தாறு விநாடி பிடித்துக்கொண்டு கேட்டார். மேடையில் யாரும் அப்படி வாசிப்பதில்லை. அங்கே விரல் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

நடுவில் ஒரு கட்டையில் அவர் புருவம் சுருங்கியது. விட்டு, மறுபடி அழுத்தினார். அடுத்த கட்டையையும் அழுத்தினார். அதற்கடுத்ததையும்.

"இது என்ன சத்தம்?"

ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். கிளாரினெட் நீண்டு ஒலித்தது. எல்லாரும் காதைக் கொடுத்தார்கள்.

"ஒண்ணும் இல்லியே சார்," என்றான் தனசேகரன். கடைக்காரரும் தலையை ஆட்டினார். "கிளீனா இருக்குது சார்." மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஷாரோனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை.

ஸ்ரீவர்தன் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "செஞ்சது நீங்கன்னு சொல்றேளே, நீங்க கேளுங்கோ. கிளாரினெட்டைக் கேக்காதீங்கோ. அதுக்குப் பின்னாடி கேளுங்கோ. ரெண்டாவது விநாடி."

ஷாரோன் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாவின் மூச்சு ஏறியது, நிலைத்தது. அதற்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல, மிக மெல்லியதாக ஒரு சத்தம்.

தட். டொக்.

அந்த மதியம் முழுக்கக் குமாரவேல் தறியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கை அரித்து, ஒரே ஒரு இழையை எறிந்து பார்த்திருக்கிறார். இவள் அதே அறையில் நின்றாள், அப்பாவும் நின்றார், ஆறு மாதம் அந்தப் பதிவையே திரும்பத் திரும்பக் கேட்டாள். இரண்டு பேர் காதிலும் விழவில்லை. எப்படி விழும்? தறித் தெருவில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் தங்கள் மூச்சு மாதிரி. நின்றால்தான் கேட்கும். சன்னதித் தெருவில் தறி கிடையாது. அதனால்தான் ஸ்ரீவர்தனுக்குக் கேட்டிருக்கிறது.

"சார், இது தறி," என்றாள் ஷாரோன். "பட்டுத்தறி. சென்னைல ஏசி ரூமுக்குள்ள பட்டுத்தறி எப்டி வந்துச்சுன்னு இவரைக் கேளுங்க."

தனசேகரன் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "அது... கொஞ்சம் இங்கயும் எடுத்தேன் சார், டச்சப்புக்கு. இந்த ஊர்ல தறி இல்லாத தெரு ஏது? எந்தத் தறியா இருந்தாலும் சத்தம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல," என்றாள் அவள். "மத்த தறி ஒரு தபா அடிக்கும். இது நொண்டித் தறி, ரெண்டு தபா அடிக்கும். ஒரு பதிவைத்தான் மூணு கட்டைக்குப் போட்டேன் சார். ரெண்டு ஓரத்துலயும் வேகம் மாறியிருக்கும். நடுக்கட்டைதான் அசலு. அதை உங்க போன்ல புடிச்சிக்கினு என்கூட வாங்க. நடக்கிற தூரம்தான்."

ஸ்ரீவர்தன் நடுக்கட்டையைப் போனில் பதிந்துகொண்டு புறப்பட்டார். கூட்டமே பின்னால் வந்தது. சிரித்தவர்களுக்கு வேடிக்கை பார்க்கவும் நேரம் இருந்தது. தனசேகரன் வராமல் இருக்க முடியாமல் வந்தான்.

குமாரவேல் வீட்டு வாசலில் எல்லாரும் நின்றார்கள். தறியில் இருந்தவர் தலையைத் தூக்கினார். ஷாரோனைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் தனசேகரனைப் பார்த்தார். பயத்தில் அவருக்குக் கையை நிறுத்தத் தோன்றவில்லை, இன்னும் வேகமாக நெய்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றார். தட், டொக்.

"அன்னிக்கி நான் ஊட்லயே இல்ல." தட், டொக்.

"நான் எதையும் கேக்கல சார்." தட், டொக்.

ஸ்ரீவர்தன் போனை உயர்த்திச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். தேவசகாயத்தின் கிளாரினெட் அந்த அறைக்குள் நீண்டு எழுந்தது. இரண்டாவது விநாடியில், தட், டொக். தறியும் அப்போது அடித்தது. தட், டொக். இந்தத் தடவை எல்லார் காதிலும் விழுந்தது.

குமாரவேலின் கை நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் தேவசகாயம் தன் ஊதலைக் கேட்டுவிட்டு, பன் ஒட்டிய வாயோடு வெளியே வந்து நின்றார்.

"சரி விடும்மா," என்றான் தனசேகரன், தோளில் தட்டுகிற குரலில். "இன்னா இப்போ? ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம்."

"எதுக்கு?" என்றாள் ஷாரோன். நாலு வருஷமாக வாங்க போங்க என்று பேசியவள் அதை அங்கேயே உதறினாள். "நீ ஊதினியா? ரத்தம் துப்பினியா? ஒத்தச் சுரத்தையாவது நறுக்கிச் சேத்தியா? நீ பண்ணது ஒண்ணே ஒண்ணு. எங்கப்பன் பேரை அழிச்சே. த்தூ!"

தனசேகரன் சுற்றுமுற்றும் பார்த்தான். கடையில் அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்குத் திரும்பியதும் ஷாரோன் யாரையும் கேட்காமல் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஸ்ரீவர்தன் பக்கத்தில் வந்து, "அந்தத் தறிச் சத்தத்தை நான் ரெண்டே நிமிஷத்துல சுத்தமா எடுத்துடறேன். கம்பெனிக்குப் போறச்சே கிளீனா இருக்கணுமே," என்றார்.

"வேணாம் சார். அப்டியே இருக்கட்டும். அது இல்லாம போச்சுன்னா நாளைக்கி இன்னொரு தனா வருவான்."

அவர் சரி என்றார்.

திரையில் 'தனா' நின்றது. எழுத்து எழுத்தாக அதை அழித்தாள். 'அப்பா' என்று போடப் போனவள் நிறுத்தினாள். அப்பா என்றால் யாருடைய அப்பா என்று ஒருவன் கேட்பான். புரூஃப் எத்துக்கினு வா என்பான். முழுப் பெயரையும் போட்டாள். தேவசகாயம். பென் டிரைவில் ஒன்றுக்கு இரண்டாகச் சேமித்தாள், ஸ்ரீவர்தனிடமும் ஒன்று கொடுத்தாள். பிறகு தனசேகரனின் பெட்டியில் இருந்ததைத் திறந்து, அழி என்ற இடத்துக்குப் போனாள். பெட்டி வழக்கம் போலக் கேட்டது, சம்மதமா என்று. தனசேகரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே சம்மதத்தை அழுத்தினாள்.

வீட்டுக்கு நடந்து வருகிறபோது தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. குமாரவேல் வீட்டை நெருங்கினாள். உள்ளிருந்து அவளைப் பார்த்ததும் அவர் நெய்வதை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு இழைதாம்மா எறிஞ்சேன்," என்றார். "கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு."

ஷாரோனுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

"நெய்யிண்ணா, நிறுத்தாதே," என்றாள். "உன் ஊட்ல உண்மை பேசறது அது ஒண்ணுதான்."